மணியால் பிழைத்தவன்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடம். எதிர்ப் பூட்டுப் பட்டறையின் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. பள்ளி விட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை. ஒன்பது ஜோடி இருந்தன. ஓரமாகக் கிடந்தது வார் அறுந்து ஊக்குக் குத்தியது, சித்தப்பாவுடையது. அந்த நேரத்தில் அவர் தன் டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருக்க வேண்டியவர்.

காலையில் நான் கிளம்பும்போது தம்பி அம்மாவின் மடியில் துவண்டு கிடந்தான். முந்தின நாள் ஆரம்பித்த வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அந்த ஆடி மாதம் எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் இந்த நோய் இருந்தது. மற்ற நான்கு வீடுகளிலும் படுத்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். சாயந்தரத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மதியத்துக்குப் பிறகு வகுப்பில் அவன் நினைப்பே எனக்கு இல்லை.

தம்பிக்கு அப்போது பதினோரு மாதம். நடுவீட்டில் ஒரு புதுத் துண்டின்மேல் கிடத்தியிருந்தார்கள். இரண்டே காலுக்கு முடிந்துவிட்டதாக யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லை. அதை அறுத்து, அதில் கோத்திருந்த பித்தளை மணியோடு மாடக்குழியில் வைத்திருந்தார்கள்.

அந்த மணி நெல்லிக்காய் அளவு இருக்கும். தம்பி தவழத் தொடங்கிய மாதத்தில் பழனிக்குப் போனபோது அடிவாரக் கடையில் அம்மா வாங்கியது. அம்மா பிறந்தது சின்னாளபட்டியில். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகும் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் புள்ளிகளுக்காக நூலால் முடிச்சுப் போடும் வேலையை வீட்டிலிருந்தே செய்துவந்தாள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. துணியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பிள்ளை எங்கே போகிறது என்பதைக் காதால்தான் பார்க்க வேண்டும். மணிச் சத்தத்தை வைத்தே அவன் அடுப்படியில் இருக்கிறானா, வாசலுக்குப் போய்விட்டானா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தலையைத் தூக்காமலேயே, “ஏலே, படியில எறங்காத” என்பாள். போய்ப் பார்த்தால் அவன் படியில்தான் இருப்பான்.

இப்போது அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சுற்றியிருந்த பெண்கள்தான் அழுதார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் அழுகைக்கு நடுவே வாசல் வெயிலைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். பச்சைப் பிள்ளைக்குப் பாடை கிடையாது, சங்கு கிடையாது, எரிப்பதும் கிடையாது. ஒருவர் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அந்த அவசரம்தான் எனக்கு உறுத்தியது. அதற்குக் காரணம் சித்தப்பாவின் நோட்ஸ்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவர். இரண்டு தாள் பாக்கி இருந்தது, அந்த இரண்டும் ஆங்கிலம். பாத்திரக்கடை ஒன்றின் மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு டுடோரியல் நடத்தினார். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தவறியவர்கள் வடமதுரையிலிருந்தும் சின்னாளபட்டியிலிருந்தும் சிறுமலை அடிவாரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கேள்வித்தாளில் ஐந்து மரபுத்தொடர்களுக்குப் பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. இருபத்தைந்தில் நிற்கிறவனை முப்பத்தைந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பத்து மார்க்தான் என்பது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு. டுடோரியலே அந்தப் பத்து மார்க்கில்தான் ஓடியது.

நோட்ஸில் நாற்பது தொடர்கள் இருந்தன. முதலில் ஆங்கிலத் தொடர். அதன் கீழே சொல்லுக்குச் சொல் தமிழ். அதற்கும் கீழே உண்மைப் பொருள். கடைசியாகப் ‘பிறந்த கதை’ என்று தலைப்பிட்டு நான்கைந்து வரிகள். பிறந்த கதையைப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் கதை தெரியாமல் தொடர் மனதில் நிற்காது என்று சித்தப்பா உறுதியாக நம்பினார். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடித்த புத்தகம் அவரிடம் இருந்தது. கதைகளை அதிலிருந்துதான் எடுக்கத் தொடங்கினார்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் புத்தகத்துக் கதைகள் பெரும்பாலும் கப்பலில் நடந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கப்பலைப் பார்த்ததில்லை. பூனையும் நாயுமாய்ப் பெய்யும் மழைக்கு விளக்கம் சொல்வதற்கு முன்னால், அந்த வருடம் திண்டுக்கல்லில் மழைக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உறைந்த ஆற்றில் படகு போவதற்காக ஐஸை உடைத்த கதையை அவர் மீன் மார்க்கெட்டுக்கு மாற்றினார். வாளியை உதைத்தான் என்றால் செத்துப்போனான் என்று பொருள். ஒருவன் கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டு வாளியை உதைத்த கதையை மட்டும் புத்தகத்தில் இருந்தபடியே கொடுத்தார். அதை ஒருவர்கூட மறக்கவில்லை. அதிலிருந்து சாவு இருந்தால் நிற்கும் என்று சித்தப்பாவுக்குப் புரிந்தது. அதன்பிறகு தேவைப்பட்ட இடங்களில் ஒரு சாவைச் சேர்த்துக்கொண்டார். இருபதாவது தொடரைத் தாண்டினால், சாவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர்கள் வாழும் நாடாக இங்கிலாந்து தெரியும்.

சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்கள் மை காய்வதற்காக எங்கள் வீட்டுக் கொடியில்தான் தொங்கும். காய்ந்ததும் பக்க வரிசையில் அடுக்கிக் குண்டூசி குத்துவது என் வேலை. அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத் தொடர்களை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். தமிழில் இருந்த கதைகள் நாற்பதும் மனப்பாடம்.

முப்பத்தொன்றாவது தொடர், ‘சேவ்ட் பை தி பெல்’. சொல்லுக்குச் சொல்: மணியால் பிழைத்தவன். உண்மைப் பொருள்: கடைசி நொடியில் ஆபத்திலிருந்து தப்பியவன். பிறந்த கதை இப்படிப் போகும். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் காலரா வந்தது. நோய் பரவிவிடும் என்ற பயத்தில், செத்தவர்களை அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பிறகு ஒரு குழியைத் தோண்ட வேண்டி வந்தபோது சவப்பெட்டியின் உட்பக்கத்தில் நகக்கீறல்கள் இருந்தன. மூச்சு இருக்கும்போதே புதைத்திருக்கிறார்கள். அன்றுமுதல், புதைக்கும்போது கையில் ஒரு நூலைக் கட்டி, மறு நுனியை மண்ணுக்கு மேலே கொண்டுவந்து அதில் மணி தொங்கவிட்டார்கள். உள்ளே இருப்பவன் விழித்துக்கொண்டு கையை அசைத்தால் மணி அடிக்கும். உடனே தோண்டி எடுத்துவிடுவார்கள். அப்படி எழுந்து வந்தவன்தான் மணியால் பிழைத்தவன்.

வாந்திபேதி, அவசரம், புதைப்பது என்று கதையில் இருந்தது எல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தது. குறைந்தது நூலும் மணியும்தான்.

அம்மாவின் வேலைப் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்தேன். சுங்குடி முடிச்சுக்கான நூல் மெல்லியது, ஆனால் லேசில் அறாது. பெண்கள் புதிதாக வந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அழும் நேரத்தில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுக்கு அடியில் கையை விட்டு, அவன் வலது மணிக்கட்டில் நூலைச் சுற்றி அம்மா போடும் முடிச்சைப் போட்டேன். கை குளிர்ந்திருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்துக்காரர்களின் கையும் குளிர்ந்துதான் இருந்திருக்கும். மீதி நூலைச் சுருட்டித் துண்டின் மடிப்பில் வைத்தேன். மாடக்குழியில் இருந்த மணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

சித்தப்பா தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தம்பியைக் கையில் ஏந்திப் போகப்போகிறவர் அவர்தான். பெற்றவன் தூக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். நான் மணியை நீட்டி, நூல் கட்டியிருப்பதைச் சொன்னேன். நுனியை மண்ணுக்குள் விட்டுவிடாமல் மேலே எடுத்து இதைக் கட்டிவிடும்படி கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை.

“என்னத்துக்கு ஆத்தா மணி?”

“முப்பத்தொண்ணு, சித்தப்பா.”

அவர் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்காமலே மணியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களில் பெண்கள் அந்த இடத்துக்குப் போவதில்லை. அம்மாவை வாசல்படிவரைகூட விடவில்லை. ஏழு மணிக்குத் திரும்பி வந்து கொல்லையில் குளித்தார்கள். துவட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் எதிரே போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், “கட்டிட்டேன்” என்றார்.

மறுநாள் காலை அப்பாவும் சித்தப்பாவும் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். அதோடு சடங்கு முடிந்தது. வியாழக்கிழமை அப்பா பட்டறைக்குப் போய்விட்டார். பூட்டுக்குள் போகும் லீவர் தகடுகளை அரத்தால் ராவுகிற வேலை அவருக்கு. சித்தப்பாவும் டுடோரியலுக்குப் போனார். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அம்மா சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு வாய்கூட இல்லை. பக்கத்து வீட்டு அத்தை கஞ்சி கொண்டுவந்து வாயருகில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார் கட்டிக்கொண்டு வலியெடுத்தபோதும் அவள் எதுவும் சொல்லவில்லை. அத்தைதான் நனைந்த சேலையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை அள்ளி வைத்து மார்பில் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். வாடியதை எடுத்துவிட்டுக் காலையும் மாலையும் புதிதாக வைத்தார்கள். வீடு முழுவதும் கல்யாண வீடுபோல மணத்தது.

வந்தவர்களெல்லாம், போனவன் உன் வயிற்றிலேயே திரும்பி வருவான் என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மா அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைத் துணியை மடியில் விரித்து, நூலை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருப்பாள். முடிச்சு மட்டும் விழாது. இப்படியே போனால் இவளும் தங்கமாட்டாள் என்று அத்தை அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னிடம் ஒரு மருந்து இருந்தது. அதை ஏன் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, அம்மாவின் எதிரே உட்கார்ந்து சொன்னேன். தம்பி கையில் நூல் கட்டியிருக்கிறது, மணியும் கட்டியாயிற்று, முழித்துக்கொண்டால் மணி அடிக்கும் என்றேன். அம்மா திரும்பி மாடக்குழியைப் பார்த்தாள். அங்கே அறுந்த அரைஞாண் கயிறு மட்டும் இருந்தது.

“யாரு சொன்னா?”

நான்கு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“சித்தப்பா நோட்ஸ்ல இருக்கு.”

அம்மா ஐந்தாவதுவரை படித்தவள். அச்சில் இருப்பதை மதிப்பாள். ஆங்கிலம் கலந்து அச்சில் இருப்பதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மதிப்பாள். மடியிலிருந்த துணியை நான்காக மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்தாள். செருப்புப் போடவில்லை. கதவையும் சாத்தவில்லை. தெருமுனையில் தண்ணீர்க் குடத்தோடு வந்த அத்தை எங்கே என்று கேட்டதற்கு, “செத்த நேரத்துல வாரேன்” என்றாள். குரல் சாதாரணமாக இருந்ததால் அத்தை வழிவிட்டுவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

ரயில்வே கேட்டைத் தாண்டி, தோல் ஷாப்பின் நீண்ட சுவரை ஒட்டிப் போக வேண்டும். ஆடிக் காற்று எதிரே அடித்தது. தோல் ஊறப்போட்ட தொட்டிகளின் நாற்றமும் புழுதியும் அதில் வந்தன. அந்தச் சுவர் முடிகிற இடத்தில் சுடுகாடு தொடங்குகிறது. பிள்ளைகளைப் புதைக்கும் இடம் அதற்கும் தள்ளி, தனி மூலையில். முழ நீளத்தில் மண்மேடுகள். நாய் தோண்டிவிடாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, முள்ளின்மேல் கல் ஏற்றியிருந்தார்கள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

அம்மா அதற்கு முன் அங்கே வந்ததில்லை. ஆனாலும் யாரிடமும் வழி கேட்கவில்லை. சுவர் முடிவதற்கு முன்பே எனக்கு மணிச் சத்தம் கேட்டது. அவளுக்கு அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஓடவில்லை. நடையை எட்டிப் போடவும் இல்லை. தலையைத் தூக்காமல், சத்தம் வந்த பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

மணி ஒரு முள்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா சரியாகத்தான் கட்டியிருந்தார். அதிலிருந்து நூல் கிளைகளுக்கு நடுவே இறங்கி மண்ணுக்குள் போயிற்று. அம்மா கல்லைப் புரட்டிவிட்டு முள்ளைக் கையாலேயே ஒதுக்கினாள். முழங்கைவரை கீறியது. மண்ணுக்கு ஒரு சாண் மேலே நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்து, முடிச்சுப் போடும்போது பதம் பார்ப்பாளே அதுபோல, லேசாக இழுத்தாள். நூல் இறுகியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோண்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் தோண்டவில்லை, அழவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். சந்தைக் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள்போல இருந்தாள்.

குழி வெட்டும் பெரியவர் புங்கமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். பெண்கள் இங்கே வரக் கூடாதம்மா என்று தொடங்கியவர், நூலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கே வேண்டாமென்று அந்த வாத்தியாரிடம் சொன்னதாகவும், அவர் கேட்காமல் நின்று கட்டியதாகவும் சொன்னார். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, “இம்புட்டு வருசத்துல நான் எறக்கி வச்சது ஒண்ணும் திரும்பக் கூப்பிட்டதில்ல தாயி” என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எழுந்து, தோல் ஷாப் வாசலில் சைக்கிளோடு நின்ற ஒருவரிடம் சொல்லிவிட, அவர் எங்கள் தெருவுக்குப் போனார்.

அப்பா வந்தபோது கைகளில் இரும்புத்தூள் அப்படியே இருந்தது. அம்மாவின் தோளைத் தொட வந்தவர், கையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்று மூன்று முறை சொன்னார். சித்தப்பா பதினைந்து நிமிடம் கழித்து வந்தார். கையில் சாக்பீஸ் தூள் இருந்தது. அவர் அம்மாவுக்கு எதிரே, மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

“மதினி, அது நான் எழுதினது.”

அம்மா நிமிர்ந்தாள்.

“புத்தகத்துல அப்பிடி இல்ல. அது குத்துச்சண்டை. அடி வாங்கிக்கிட்டுக் கெடக்கிறவன், ரவுண்டு முடியிற மணி அடிச்சா பொழச்சுக்கிருவான். அம்புட்டுத்தான். பிள்ளைகளுக்கு மனசுல நிக்கணும்னு, வேற யாரோ சொன்ன கதைய நான் அதுக்கு மாத்தி எழுதினேன்.”

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப இந்தக் கதை பொய்யா?”

“பொய்தான் மதினி.”

“நூலு?”

சித்தப்பா நூலைப் பார்த்தார். நூல் பொய்யில்லை.

“மணி அடிச்சுச்சே.”

“காத்து. ஆடிக்காத்துல முள்ளு ஆடுது.”

“பொறந்ததுலருந்து நான் பாக்குற காத்து. அதுல அடிக்கிறதும் இவன் அடிக்கிறதும் எனக்குத் தெரியாதாக்கும், சின்னவரே?”

அப்போது காற்று விழுந்தது. ஆடியில் மதியத்துக்குமேல் அப்படிச் சில நிமிடங்கள் விழும். தோல் வாடையும் புழுதியும் அப்படியே நின்றன. முள்ளின் பொடி இலைகள்கூட அசையவில்லை. அந்த அமைதியில் மணி இரண்டு முறை அடித்து, சற்று நின்று, இன்னொரு முறை அடித்தது.

நான் இலைகளைப் பார்த்தேன். அம்மாவின் விரல்களையும் பார்த்தேன். நான்கு நாளாக ஒன்றும் சாப்பிடாதவளின் விரல்கள், நூலைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் பார்த்தவள், அந்த வயதில் இலைகளை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு. நீயும்தான கேட்ட. அது காத்தா?”

அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற பெரியவர் மட்டும் வேறு பக்கம் பார்த்தார். உள்ளே தம்பி கையை அசைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூலைக் கட்டியவள் நான். முடிச்சு அவிழாது என்று தெரிந்தவள் நான். காற்று இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன். காற்று இல்லை என்று சொன்னால் அம்மா இங்கேயே இருப்பாள், அல்லது எல்லோரையும் தோண்டச் சொல்வாள், தோண்டினால் தம்பி வருவான். அவன் வந்தபிறகு நடப்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் காது மறுபடியும் அந்த மணியோடு வீடு முழுக்கப் போய்க்கொண்டிருக்கும், என் பக்கம் வராது. எனக்கு அன்று வேண்டியிருந்தது அம்மா எழுந்து வீட்டுக்கு வருவது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேண்டியிருந்ததும் அதுதான்.

“காத்துதாம்மா” என்றேன்.

அம்மா உடனே நூலை விடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சேலை முடிந்து கொடுப்பதற்கு முன்னால், முடிச்சு எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், அந்தப் பார்வை. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு கட்டைவிரலை எடுத்தாள். நூல் ஆள்காட்டிவிரலில் செத்த நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு நழுவியது.

பெரியவர் இடுப்பிலிருந்த கத்தியால் மண்ணை ஒட்டி நூலை அறுத்தார். முள்ளை இழுத்துப் பழையபடி போட்டு, கல்லைத் தூக்கி வைத்தார். இதெல்லாம் அவர் தினமும் செய்கிற வேலை என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. சித்தப்பா மணியைக் கிளையிலிருந்து அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்தபோது அது ஒவ்வொரு அடிக்கும் சத்தமிட்டது. தோல் ஷாப் சுவர்ப் பக்கம் வந்ததும் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அவருக்குப் பின்னால் அம்மா. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போகும்வரை நின்றோம். நான் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அவள் கை சேலையைப் பிடித்திருந்தது, முழங்கையில் ரத்தக்கோடுகள் காய்ந்து கறுத்திருந்தன. வண்டி போனதும் கேட்டைத் திறந்தார்கள். நான் சாதித்துவிட்டேன் என்று எனக்கு இருந்தது. பெரியவர்கள் மூன்று பேர் சொல்லி நகராதவள், நான் சொன்ன ஒரு சொல்லுக்கு எழுந்து வருகிறாள். அவள் என்னை நம்பிவிட்டாள் என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்றரை. அத்தை சோறும் ரசமும் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனமும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அம்மா கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு சேலை கட்டி, அடுப்படிக்கு வந்தாள். அப்பாவுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். சித்தப்பாவுக்கு வைத்து, அவர் போதும் என்று கையை நீட்டியும் இன்னொரு கரண்டி போட்டாள். தானும் கொஞ்சம் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

என் தட்டு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு நன்றாகப் பசித்தது. எழுந்து போய்த் தட்டை எடுத்து, நானே போட்டுக்கொண்டேன்.